டர்போ பெட்ரோல் கார்: ஒரு பழைய எண்ணெய்க் கதை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961-லிருந்து நம் சென்னையிலேயே தயாரான கார். அதன் இன்ஜின் 948 சிசி. குதிரைசக்தி 40-ஐத் தொடாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி செய்த வென்யூ காரில், 2019-ல் வந்த டர்போ பெட்ரோல் இன்ஜின் 998 சிசி. குதிரைசக்தி 120. இரண்டு இன்ஜினுக்கும் அளவில் உள்ள வித்தியாசம் 50 சிசி, அதாவது காபி டம்ளரில் பாதிகூட வராது. சக்தியோ மூன்று மடங்கு.

"இது தாங்குமா?" என்று முகையூரில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பிள்ளைகள் சென்னையில் வாங்குகிறார்கள், பொங்கலுக்கு ஓட்டி வருகிறார்கள், சிலர் அப்பாவுக்கென்று இங்கேயே நிறுத்திவிட்டும் போகிறார்கள். நான் பஸ் பணிமனையில் டீசல் இன்ஜின்களோடு முப்பது வருஷம் கழித்தவன். பெட்ரோல் டர்போ எனக்குப் பிற்காலத்துப் பழக்கம்தான். ஆனாலும் இதன் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் டர்போ. காற்று கூடினால் எண்ணெய் கூட எரியும், சக்தியும் கூடும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். தரைமட்டத்தில் 350 குதிரைசக்தி தந்த அந்த இன்ஜின், காற்று மெலிந்த உச்சியில் சுமார் 230-க்கு இறங்கியது. டர்போ பூட்டியதும் 356. அதன் பிறகு விமானம், கப்பல், லாரி என்று எல்லாவற்றிலும் டர்போ ஏறியது. பெட்ரோல் காரில் ஏற மட்டும் 1962 வரை ஆயிற்று.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற காரை விட்டது. 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர், 215 குதிரைசக்தி. அழுத்தம் கூடினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியல் போலத் தட்டும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்களே, அதுதான். அதைத் தடுக்க அவர்கள் ஒரு தனித் தொட்டி வைத்தார்கள். பாதி சுத்திகரித்த தண்ணீர், பாதி மெத்தனால், துருப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. வேகம் பிடிக்கும்போது இந்தக் கலவை இன்ஜினுக்குள் போய் குளிரவைக்கும். தொட்டி காலியானால் காற்றழுத்தம் தானாகக் குறைந்துவிடும்படியும் செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

கார் வாங்கியவர்கள் தொட்டியை நிரப்பவில்லை! பெட்ரோல் போட்டோம், ஓட்டினோம் என்று பழகியவர்கள் அவர்கள். தொட்டி காலி, சக்தி குறைவு, உடனே கம்பெனி மீது புகார். இரண்டு வருஷத்தில் பத்தாயிரம் கார்கூட விற்கவில்லை. கடைசியில் 1965-ல், டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் போட்டுத் தருகிறோம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. டர்போவோடு மிஞ்சிய ஜெட்ஃபயர் இன்று அபூர்வப் பொருள்.

அதற்குப் பின் வந்த இன்ஜினீயர்கள், கார்க்காரர் செய்ய மறக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்திடமே ஒப்படைத்துக்கொண்டு வந்தார்கள் என்றுதான் நான் இந்தச் சரித்திரத்தைப் பார்க்கிறேன். ஸ்வீடன் நாட்டு சாப் கம்பெனி 1982-ல் நாக்கிங்கைக் காதுபோலக் கேட்டு அழுத்தத்தைக் குறைக்கும் கருவியைக் கொண்டுவந்தது. டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. ஓடி வந்த சூட்டோடு இன்ஜினை அணைத்தால் எண்ணெய் வரத்து நின்று, உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். எங்கள் பணிமனைக்கு டர்போ பஸ் வந்த புதிதில், வண்டி வந்து நின்றதும் இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று டிரைவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்கள். பெட்ரோல் புகையின் சூடு டீசலைவிட அதிகம். 950 டிகிரி வரைகூடப் போகும். இதற்காகவே டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டார்கள். இன்ஜின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றவைக்கும் மின் பம்பு சில கார்களில் இருக்கிறது.

எண்ணெயை மட்டும் யாராலும் தானாக மாறவைக்க முடியவில்லை. இதற்கு நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. திண்டிவனத்திலிருந்து சென்னை போகிற வழியில், மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2013-ல் எகோஸ்போர்ட் கார் வந்தது. அதில் ஒரு வகைக்கு 999 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 125 குதிரைசக்தி. உலக அளவில் 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த இன்ஜின் பரிசு வாங்கியது. அதன் டைமிங் பெல்ட் ரப்பர்தான், ஆனால் இன்ஜின் ஆயிலுக்குள் நனைந்தபடியே ஓடும். சத்தம் குறைவு, உராய்வு குறைவு. தப்பான ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் நாளைக் கடத்தினாலோ பெட்ரோல் கலந்த ஆயில் பெல்ட்டை அரிக்கும். உதிர்ந்த ரப்பர்த் தூள் அடியில் உள்ள ஆயில் சல்லடையை அடைக்கும். ஆயில் ஏறாது, டர்போவும் தாங்காது, இன்ஜினும் தாங்காது. வெளிநாடுகளில் இந்த வகை இன்ஜின் பற்றி நிறையப் புகார் கிளம்பியது. நம்மூர்த் தொழிற்சாலை 2022-ல் கடைசிக் காரை அனுப்பிவிட்டு நின்றுபோனது. அதற்குக் காரணம் வியாபார நஷ்டம், இந்த பெல்ட் அல்ல. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

முகையூரில் நிற்கும் கார்களுக்கு இன்னொரு சங்கடம். திருக்கோவிலூருக்கு ஒரு நடை, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை, மற்ற நாள் தூக்கம். இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே வண்டி நின்றுவிடும். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். "பத்தாயிரம் கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லையே" என்று இரண்டு வருஷம் ஆயில் மாற்றாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். புத்தகத்தில் அதன் பக்கத்திலேயே 'அல்லது ஒரு வருஷம்' என்று போட்டிருக்கும். என்னைக் கேட்டால் இப்படி நிற்கிற காருக்கு எட்டு மாதம் போதும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். சிறிய டர்போ இன்ஜினை மேல் கியரில் மெதுவாக இழுக்கவைத்தால், முன்கூட்டியே பலமாக வெடித்து பிஸ்டனையே உடைக்கும் கோளாறு ஒன்று உண்டு. அதைத் தடுக்கவென்றே 2020-ல் எஸ்.பி. என்ற தரம் வந்தது. உங்கள் காருக்குப் புத்தகம் சொல்லும் ஆயிலே முதலில். அது அனுமதித்தால் டப்பாவின் மேல் இந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாலத்து மேட்டில் ஐந்தாம் கியரில் முனகவிடாமல் ஒரு கியர் இறக்குங்கள். அம்பாசிடர் ஓட்டிய பழக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதைச் செய்கிறவர்கள் அநேகமாக நம் வயதுக்காரர்கள்தான்.

பழைய டர்போ கார் விலைக்கு வந்தால், பெயின்ட்டையும் சீட்டையும் பிறகு பார்க்கலாம். ஆயில் மாற்றிய பில்களைத் தேதிவாரியாகக் கேளுங்கள். இல்லை, தொலைந்துவிட்டது என்றால் வேறு கார் பாருங்கள்.