துடைக்கப்படாத எழுத்து

நூலை எழுதி முடிப்பது வேறு. அது நூலென ஏற்கப்படுவது வேறு. தமிழ்ப் புலவர் தாம் இயற்றிய காப்பியத்தை அவையில் படித்துக் காட்டி, எழுந்த தடைகளுக்கு விடை பகர்ந்து அரங்கேற்றிய பின்னரே அது நூலெனப் பெயர் பெற்றது. இதனை ஒத்த மரபொன்று இஸ்லாமிய அறிவுலகிலும் வேரூன்றியிருந்தது. அங்கே நூலாசிரியர் மட்டுமல்லர். அவர் நூலைப் படியெடுத்த மாணவரும் தம் ஏட்டை அவையின் முன் வைக்க வேண்டியிருந்தது. அவ்வேடுகள் உருவான வரலாறு, எழுத்தைப் போற்றும் எவரும் அறியத்தக்கது.

காகிதமும் கடைவீதியும்

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாத் நகரில் காகிதத் தொழில் நிலைபெற்றது. அடுத்த நூற்றாண்டில் அந்நகரை வருணித்த யஃகூபி, நூல் வணிகர் கடைகள் மட்டும் 100க்கு மேல் இருந்தன என்கிறார். அக்கடைக்காரர் 'வர்ராக்' எனப்பட்டார். காகிதம் விற்பவரும் அவரே, படியெடுப்பவரும் அவரே, நூல் விற்பவரும் அவரே. அத்தொழிலினரான இப்னு நதீம் என்பவர்தாம் 987ஆம் ஆண்டில், அரபு மொழியில் அந்நாள்வரை தாம் அறிந்த நூல்களையெல்லாம் தொகுத்து 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெரும் பட்டியலை அளித்தார்.

ஆயினும், கடையில் வாங்கிய ஏடு எத்துணை அழகிய கையெழுத்தில் அமைந்திருந்தாலும், நபிமொழியாகிய ஹதீஸ் துறையில் அது மட்டுமே சான்றாகிவிடாது. அது மூலத்தோடு ஒப்புநோக்கப்பட வேண்டும். ஆசிரியரின் செவிக்கும் எட்ட வேண்டும்.

ஒப்புநோக்கல்

ஆசிரியரின் முதல் வரைவை 'முசவ்வதா', அதாவது கருமையாக்கப்பட்டது என்றனர். திருத்திய செம்படியை 'முபய்யளா', அதாவது வெண்மையாக்கப்பட்டது என்றனர். மூலத்தோடு படியை வைத்து ஒப்புநோக்கும் செயல் 'முகாபலா' எனப்பட்டது. நபித்தோழர் ஸுபைரின் மைந்தர் உர்வா, தம் மகன் ஹிஷாமிடம் எழுதிவிட்டாயா என்று கேட்டாராம். ஆம் என்றார் மகன். ஒப்புநோக்கினாயா என்று கேட்டார், இல்லை என்றார். அப்படியானால் நீ எழுதவேயில்லை என்றாராம் தந்தை. இச்செய்தி பின்வந்த ஹதீஸ் மாணவர்களுக்கெல்லாம் முதற்பாடமாயிற்று.

ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு வட்டம் இடுவது வழக்கம். 1071இல் மறைந்த கதீப் பக்தாதி, அவ்வட்டங்களை வெறுமையாக விட்டுவைக்கச் சொன்னார். ஒப்புநோக்கி முடித்த பின்னரே வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி இட வேண்டும். புள்ளியற்ற வட்டம், உழைப்பு இன்னும் நிறைவுறவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கத்தி புகாத அவை

1245இல் மறைந்த இப்னு ஸலாஹ், திமிஷ்கு நகரின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். 'முகத்திமா' என வழங்கும் அவரது நூலில், படியெடுக்கும் நெறிகள் விரிவாகப் பேசப்படுகின்றன. விடுபட்ட சொல்லை வரிகளுக்கிடையே திணிக்கலாகாது. விடுபட்ட இடத்திலிருந்து ஒரு கோட்டை மேலே இழுத்து ஓரம் நோக்கி வளைத்து, அங்கே அச்சொல்லை எழுதி, இறுதியில் 'ஸஹ்ஹ' (சரியானது) என்று குறிக்க வேண்டும்.

அறிவிப்பில் அவ்வாறே வந்தும், சொல்லோ பொருளோ பழுதுபட்டதாகத் தோன்றும் இடத்தைத் திருத்திவிடுதல் கூடாது. அதன்மேல் 'ளப்பா' என்னும் குறியை இடுதலே நெறி. உடைந்த கலத்தை இணைக்கும் உலோகப் பட்டைக்கு அரபு மொழியில் அதுவே பெயர். பழுது மறைக்கப்படவில்லை; பழுதென்று அடையாளம் மட்டும் இடப்பட்டது.

எழுத்தைச் சுரண்டி நீக்குவதைவிட, படிக்கும்படியாகவே கோடிட்டு அடிப்பது மேல் எனக் கருதினர். ஏடு படிக்கும் அவைக்குக் கத்தி கொண்டுவருவதையே ஆசிரியர் சிலர் விரும்பவில்லை. காரணம் எளியது. இன்று பிழையெனச் சுரண்டிய சொல், நாளை வேறோர் அறிவிப்பில் சரியானதாக வந்துவிடலாம். அடித்த சொல்லை மீட்கலாம். சுரண்டிய சொல்லை மீட்பது எங்ஙனம்?

முன்வைத்தலும் சான்றும்

ஆசிரியர் முன் ஏட்டைப் படித்துக் காட்டுதல் 'அர்ளு' எனப்பட்டது. முன்வைத்தல் என்பதே அதன் பொருள். படித்து முடிந்ததும், கேட்டவர் பெயர், படித்தவர் பெயர், நாள், இடம் யாவும் ஏட்டிலேயே பதிவாயின. திமிஷ்கு நகர ஏடுகளில் எஞ்சியுள்ள இத்தகைய சான்றுகளில் அறிஞரோடு வணிகர், கைவினைஞர், பெண்டிர், சிறுவர் பெயர்களும் உள்ளன. ஒருவர் சில பகுதிகளைக் கேளாது விட்டிருந்தால் அதுவும் எழுதப்பட்டது.

பெண்களும் இவ்வவைகளில் ஆசிரியர்களாக வீற்றிருந்தனர். பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா மர்வஸிய்யா, ஸஹீஹுல் புகாரியைக் கற்பிப்பதில் பெரும்புகழ் பெற்றவர். மாணவர் படிகளைத் தம் மூலத்தோடு ஒப்புநோக்குவதில் கண்டிப்பானவர். கதீப் பக்தாதியே அவர் முன் அமர்ந்து அந்நூலைப் படித்தார்.

எழுபத்தோர் அமர்வுகள்

இம்மரபின் சிகரமாகத் திகழ்வது யூனீனியின் பணி. இமாம் புகாரி மறைந்தது 870இல். 7,000க்கு மேற்பட்ட ஹதீஸ் அறிவிப்புகளைக் கொண்ட அவரது தொகுப்பு, நான்கு நூற்றாண்டுகளில் பலர் வழியே பரவியபோது பாடபேதங்கள் பெருகின. பஅலபக் பகுதியைச் சேர்ந்த ஷரஃபுத்தீன் யூனீனி (மறைவு 1302), அபூதர், அஸீலி, இப்னு அஸாகிர், அபுல்வக்த் ஆகியோர் வழிவந்த படிகளை ஒப்புநோக்கினார். ஒரு பாடத்தையும் தள்ளாது, எது எவர் வழி வந்தது என்பதைச் சிற்றெழுத்துக் குறிகளால் காட்டினார்.

அதனை அவர் திமிஷ்கில் 71 அமர்வுகளில் அறிஞர் அவை முன் படித்தார். அவையோர் கையில் நம்பகமான படிகள் இருந்தன. செவிமடுத்தவருள் தலையாயவர் இப்னு மாலிக் (மறைவு 1274). அரபு இலக்கணத்தை ஏறத்தாழ 1,000 அடிகளில் 'அல்ஃபிய்யா' எனப் பாடிய இலக்கணப் புலவர். ஹதீஸில் இவருக்கு யூனீனி ஆசிரியர். மொழியில் யூனீனிக்கு இவர் ஆசிரியர்.

இலக்கணத்தோடு பொருந்தாத சொல் வரும்போது, அறிவிப்பு அவ்வாறுதானா என இப்னு மாலிக் வினவுவார். ஆம் எனில், அவர் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அச்சொல்லுக்குரிய வழக்கைப் பழம்பாடல்களில் தேடினார். விரிவாக விளக்க வேண்டியவற்றைத் தனியே எழுதினார். அதுவே 'ஷவாஹிதுத் தவ்ளீஹ்' என்னும் நூலாயிற்று. இலக்கணத்துக்காக ஏடு திருத்தப்படவில்லை. ஏட்டுக்காக இலக்கணம் விரிந்தது.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி, கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை (கி.பி. 1893-1896) ஸஹீஹுல் புகாரி அச்சேறியது. அப்பதிப்புக்கு யூனீனியின் பாடமே அடிப்படை. அவர் இட்ட குறிகளும் பாடபேதங்களும் அச்சுப் பக்கத்தின் ஓரங்களில் இடம்பெற்றன.

தம் விருப்பத்துக்கு ஒவ்வாத பாடங்களை யூனீனி சுரண்டி எறிந்திருந்தால், அந்த ஓரங்கள் வெறுமையாய் இருந்திருக்கும். தம் புலமையைவிடத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொல் பெரிது என்று அவர் கருதினார். ஏட்டின்மேல் எழுதுகோல் ஓடலாம். கத்தி ஓடலாகாது என்பதே அவ்வவைகள் விட்டுச்சென்ற நெறி.