நீதிமன்றம் விடுவித்த பிறகு

1921-ஆம் வருஷம் மே மாதத்தில், களவு போன மோட்டார் வண்டியொன்றை விற்றுப் பணம் பண்ணினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட பென்னி காஃப் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரை, சாட்சிகளையெல்லாம் கேட்டு முடித்த ஜூரிகள், குற்றவாளி அல்லர் என்று தீர்மானித்து விடுதலை செய்தார்கள். காஃப் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1914-லும் 1915-லும் ஃபெடரல் லீக் என்ற சங்கத்தில் மட்டையடியில் முதலிடம் பெற்றவர். பிறகு நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் சேர்ந்து, பட்டுச் சட்டையும், வைர ஊசி குத்திய கழுத்துப்பட்டையும், ரோமம் வைத்துத் தைத்த மேலங்கியுமாக வீதியில் நடந்தால் ஜனங்கள் நின்று பார்க்கும்படியான ஆடம்பரப் பிரியர். ஆட்டத்துக்கு வெளியே அவர் நடத்திவந்த மோட்டார் உதிரிச் சாமான் வியாபாரமே அவரை வழக்கில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. விடுதலை கிடைத்ததும், இனி மைதானத்துக்குத் திரும்பத் தடை இல்லை என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால், வழக்கு முடியுமுன்பே அவரை விலக்கிவைத்திருந்த பேஸ்பால் கமிஷனர், ஜூரிகளின் தீர்ப்பு தமக்குச் சம்மதமில்லை என்றும், இந்த மனிதர் களத்தில் நிற்பதைக் கண்டாலே பார்க்க வந்தவர்களுக்கு ஆட்டத்தின் நேர்மையில் சந்தேகம் தட்டும் என்றும் சொல்லி, கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டார். அப்போது காஃபுக்கு வயது 31.

சர்க்கார் நீதிமன்றம் விடுவித்த மனிதரை ஒரு விளையாட்டுச் சங்கம் தண்டிப்பதாவது என்று சிலருக்குத் தோன்றலாம். நம் நாட்டு அலுவலகங்களில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இராது. லஞ்ச வழக்கில் கோர்ட்டு விடுதலை செய்த குமாஸ்தா, அதே சங்கதிக்காகத் துறை விசாரணையில் வேலையை இழந்த கதை ஜில்லாவுக்கு ஜில்லா உண்டு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ருசுப்பிக்க வேண்டும். துறை விசாரணைக்கு, நடந்திருக்கவே கூடும் என்று நம்பப் போதிய ஆதாரம் இருந்தால் போதும். இந்த இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காஃப் விஷயத்தில் மனத்தை உறுத்துவது வேறு. துறை விசாரணையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை உண்டு, விளக்கம் சொல்ல அவகாசம் உண்டு, மேல்முறையீடு உண்டு. காஃபுக்குக் கிடைத்ததோ தனி ஒரு மனிதரின் முடிவு மட்டுமே.

அப்படி முடிவு செய்யும் அதிகாரம் உருவான கதை 1877-இல் தொடங்குகிறது. நேஷனல் லீக் என்ற சங்கம் பிறந்து இரண்டாவது வருஷம் அது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர அணி, பட்டத்தைக் கையில் பிடித்த மாதிரி முன்னணியில் இருந்துவிட்டு, கோடையின் கடைசியில் காரணம் தெரியாமல் வரிசையாகத் தோற்கத் தொடங்கிற்று. அணியின் நிர்வாகிகள் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, அவரவருக்கு வந்த தந்திகளைப் பார்க்க அனுமதி தரும்படி கேட்டார்கள். சூதாடிகளோடு பேசிவைத்துக்கொண்ட சங்கேதச் சொல் தந்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. பந்தெறிவதில் அந்நாளில் நிகரற்றவராயிருந்த ஜிம் டெவ்லின் உள்ளிட்ட மூவர் அகப்பட்டார்கள். நான்காமவரான பில் கிரேவரோ தம் தந்திகளைக் காட்ட மறுத்தவர். அவருக்கு எதிராக உருப்படியான சாட்சியம் ஏதும் அகப்படவில்லையாயினும், மறுத்ததே குற்றம் என்று கொண்டு, மற்ற மூவரோடு அவரையும் ஆயுட்காலத்துக்கு விலக்கிவிட்டார்கள். டெவ்லின் பல வருஷங்கள் லீக் தலைவர் வில்லியம் ஹல்பர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டு மன்றாடியும் பலனில்லை. பந்தாட யோக்கியதை இல்லை என்று தள்ளப்பட்ட டெவ்லின் பிற்பாடு பிலடெல்பியாவிலும், கிரேவர் ட்ராய் நகரத்திலும் போலீஸ் உத்தியோகம் பார்த்தார்கள் என்பது இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஹல்பர்ட்டின் கண்டிப்பு அவரோடு போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்டத்தை ஆண்ட மூவர் குழுவில், தலைவராக அமர்ந்திருந்த காரி ஹெர்மன் சின்சினாட்டி அணிக்கும் தலைவராக இருந்தார். வழக்கைக் கேட்பவருக்கே வழக்கில் சொந்த லாபம் இருந்தது. ஹல் சேஸ் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர், ஆட்டங்களை விற்பவர் என்று சொந்த அணியின் நிர்வாகியே புகார் செய்தும், 1919-இன் தொடக்கத்தில் போதிய ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டு, வேறு அணியில் உடனே இடமும் பெற்றார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் என்ன பாடம் படித்தார்கள் என்பது அந்த வருஷம் முடியுமுன்பே தெரிந்துவிட்டது.

1919 அக்டோபர் முதல் தேதி, சின்சினாட்டியில், உலகப் பந்தயத் தொடரின் முதல் ஆட்டம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்காகப் பந்தெறிய வந்த எட்டி சிகாட், தம் இரண்டாவது பந்தை எதிரணியின் முதல் மட்டையாளர் முதுகில் பாய்ச்சினார். கை தவறி விழுந்த பந்து என்றே கூட்டம் நினைத்தது; பேரம் முடிந்தது என்று சூதாடிகளுக்குக் காட்டும் அடையாளம் அது. முந்தின இரவு அவருடைய தலையணைக்கு அடியில் பத்தாயிரம் டாலர் வந்து சேர்ந்திருந்தது. ஒன்பது ஆட்டத் தொடரில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஒயிட் சாக்ஸ் தோற்றது. மறு வருஷம் செப்டம்பரில், சிகாகோவில் கிராண்ட் ஜூரி விசாரணை கூடியபோது சிகாட் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். ஷூலெஸ் ஜோ ஜாக்சனும், தாம் ஐயாயிரம் டாலர் வாங்கியதை ஒப்புக்கொண்டார். அணியோ அப்போது அடுத்த பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த சமயம். முதலாளி சார்லஸ் காமிஸ்கி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது தம்மிடம் ஆடிக்கொண்டிருந்த ஏழு பேரையும் அன்றைக்கே நிறுத்திவைத்தார். அவருடைய கஞ்சத்தனத்தைப் பற்றி எவ்வளவோ சொல்வார்கள். ஆயினும், பட்டம் போனாலும் போகட்டும் என்று அன்று செய்த அந்தக் காரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அணி முதலாளிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜனங்களின் நம்பிக்கை போய்விட்டால் நுழைவுச் சீட்டு விற்காதே! மூவர் குழுவைக் கலைத்துவிட்டு, வெளியாள் ஒருவரைச் சர்வாதிகாரியாக வைப்பது என்று தீர்மானித்து, 1920 நவம்பரில் அவர்கள் தேடிப் போன மனிதர் கெனெசா மௌன்டன் லாண்டிஸ். உள்நாட்டு யுத்தத்தில் தகப்பனார் காயம்பட்ட மலையின் பெயரையே பெயராகக் கொண்டவர். நரைத்த பரட்டைத் தலையும், ஒட்டிய கன்னமுமாக, கைப்பிடிக் கம்பியின்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு ஆட்டம் பார்ப்பவர். சிகாகோவில் மத்திய அரசின் நீதிபதியாக இருந்து, 1907-இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம் விதித்துக் கீர்த்தி பெற்றவர். மறு வருஷமே அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதை முதலாளிகள் பொருட்படுத்தவில்லை. வருஷத்துக்கு 50,000 டாலர் என்று பேசி, அவருடைய நீதிபதிச் சம்பளமான 7,500-ஐக் கழித்துக்கொண்டார்கள். 1922-இன் தொடக்கம் வரையில் அவர் இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்திருந்தார். பேஸ்பாலின் நலத்துக்கு விரோதம் என்று அவருக்குப் படும் எந்தச் செய்கையையும் விசாரித்துத் தண்டிக்கலாம். அவருடைய முடிவை எதிர்த்து நீதிமன்றம் போவதில்லை என்று முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். நலம் எது, விரோதம் எது என்று அந்தச் சாசனம் எங்கும் விளக்கவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை.

ஒயிட் சாக்ஸ் வழக்கு 1921 கோடையில் விசாரணைக்கு வந்தபோது, கிராண்ட் ஜூரி முன் கொடுத்த வாக்குமூலங்களின் கையெழுத்துப் பிரதிகள் மாயமாகியிருந்தன. ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்தார்கள் என்பது மட்டும் போதாது, பொதுஜனங்களையும் பிறரையும் மோசடி செய்யும் எண்ணம் இருந்தது என்று ருசுவாக வேண்டும் என நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு, மூன்று மணி நேரத்துக்குள் அனைவரும் விடுதலை. அன்றிரவு ஜூரிகளும் ஆட்டக்காரர்களும் ஒரே உணவகத்தில் விருந்துண்டார்கள். மறுநாளே லாண்டிஸின் அறிக்கை வந்தது: ஜூரி எப்படிச் சொன்னாலும், ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்தவரும், கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும், அப்படிப்பட்ட சதி பேசும் இடத்தில் இருந்துவிட்டு அணிக்குச் சொல்லாமல் போனவரும் இனி ஒருநாளும் தொழில்முறைப் பேஸ்பால் ஆட முடியாது.

மூன்றாவது வகை பக் வீவர் என்ற ஒருவருக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். சதி பேசியபோது அவர் கூட இருந்தார்; பணம் வாங்கவில்லை; அந்தத் தொடரிலும் நன்றாகவே ஆடினார். வாயைத் திறக்காதது தப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், பத்தாயிரம் வாங்கிய சிகாட்டுக்கும் காசு தொடாத வீவருக்கும் ஒரே தண்டனை என்றால், தராசு எதற்கு? 1956-இல் இறக்கும் வரையில் வீவர் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இருந்தாலும் ஒயிட் சாக்ஸ் விவகாரத்தில் லாண்டிஸுக்குப் பரிந்து பேச இடமுண்டு. குற்றம் ஆட்டத்துக்கு உள்ளேயே நடந்தது, வாக்குமூலம் இருந்தது, தன் வீட்டைத் துப்புரவு செய்யும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் உண்டு. காஃபின் வழக்கில் இந்தச் சமாதானங்கள் ஒன்றும் செல்லாது. மோட்டார் வண்டிக்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தமில்லை, வாக்குமூலம் இல்லை, கமிஷனர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சிகளின் முகத்தைப் பார்த்தவரும் அல்லர். காஃப் நீதிமன்றம் போனார். ஒரு தனியார் சங்கத்தின் உள்விவகாரத்தில் தலையிட முடியாது என்று வழக்கு தள்ளுபடியாயிற்று.

லாண்டிஸை வெறும் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடவும் முடியாது. 1935-இல், ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த குற்றத்துக்காக சிங் சிங் சிறையில் அடைபட்டுக் கிடந்து, அங்கேயே பந்தாட்டத்தில் பெயரெடுத்த அலபாமா பிட்ஸ் என்ற இளைஞரை, ஆல்பனி நகரத்துச் சிற்றணி ஒப்பந்தம் செய்துகொண்டது. சிறைப்பறவைக்கு இங்கே இடமில்லை என்று சிறு லீகுகளின் தலைவர் மறுத்தார். பத்திரிகைகள் பிட்ஸ் பக்கம் நின்றன. விஷயம் லாண்டிஸிடம் வந்தது. தண்டனையை அனுபவித்துத் திருந்தி வந்தவரைத் தடுத்தால் அந்தத் திருத்தமே வீணாகிவிடும் என்ற முறையில் யோசித்து, காட்சி ஆட்டங்கள் மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் அனுமதி கொடுத்தார். நல்ல தீர்ப்புத்தான். ஆயினும், குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றவர் உள்ளே வந்தார், குற்றம் நிரூபணமாகாதவர் வெளியே நின்றார் என்ற இந்த விசித்திரத்துக்கு லாண்டிஸின் அந்தந்த நேரத்து மனோபாவத்தைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. இடையில் 1927 ஜனவரியில், டை காப், ட்ரிஸ் ஸ்பீக்கர் ஆகிய இரு மகா நட்சத்திரங்கள்மேல், ஓர் ஆட்டத்தைப் பேசிவைத்து முடித்தார்கள் என்ற புகார் கடித ஆதாரத்தோடு வந்தபோது, புகார் செய்தவர் நேரில் வந்து முகத்துக்கு முகம் சொல்ல மறுத்ததைக் காட்டி இருவரையும் விடுவித்தார். அந்த நியாயம் சரியானதே. காஃபுக்கு ஏன் அது இல்லை?

1944 நவம்பரில் பதவியில் இருந்தபடியே லாண்டிஸ் இறந்தார். அவர் ஆண்ட இருபத்து நான்கு வருஷங்களில் பெரிய லீகுகளில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை என்பதையும் அந்த நேர்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்வாதிகாரத்துக்கு முதல் கடிவாளம் நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் 1970-இல் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம், பொதுவான மத்தியஸ்தர் ஒருவரிடம் முறையிடும் வழியைத் திறந்தது.

அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் லாண்டிஸின் நாற்காலியை வெகுகாலம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. 2014-இல் ரே ரைஸ் என்ற ஆட்டக்காரர், தாம் மணக்கவிருந்த பெண்ணைச் சூதாட்ட விடுதியொன்றின் லிஃப்டில் அடித்து மூர்ச்சையாக்கியது தெரிந்தும், கமிஷனர் ரோஜர் குட்டெல் இரண்டே ஆட்டங்கள் விலக்கினார். லிஃப்டுக்குள் இருந்த கேமராவின் படம் செப்டம்பரில் வெளியாகி நாடே கொதித்ததும், அதே செய்கைக்குக் காலவரையற்ற விலக்கம் விதித்தார். முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் மத்தியஸ்தராக இருந்து, ரைஸ் எதையும் மறைக்கவில்லை, ஒரு குற்றத்துக்கு இரு தண்டனை கூடாது என்று இரண்டாவதை ரத்துச் செய்தார். ரைஸைப் பாவம் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் முதல் தண்டனையின் அற்பத்தனமும் இரண்டாவதன் ஆவேசமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதன்பின் எழுதிய விதியில், வன்முறைக் குற்றம் முறைப்படி சாட்டப்பட்டவரைச் சம்பளத்தோடு விலக்கிவைக்கும் ஏற்பாடு வந்தது. நம்முடைய பணியிடை நீக்கமும் பிழைப்பூதியமும் போல இது நிரபராதியின் வயிற்றில் அடிக்காமலும், குற்றம் சாட்டியவரை அவமதிக்காமலும் காலத்தைக் கடத்திக் கொடுக்கிறது. இதுவரை கண்டவற்றில் இதுவே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் இதே கேள்வி ஸ்ரீசாந்த் விவகாரத்தில் எழுந்தது. 2013 ஐ.பி.எல். சூதாட்ட வழக்கிலிருந்து 2015 ஜூலையில் டில்லி நீதிமன்றம் அவரை விடுவித்த பிறகும், கிரிக்கெட் வாரியம் ஆயுட்காலத் தடையை எடுக்கவில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தண்டிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, ஆனால் தண்டனையின் அளவை மறுபடியும் யோசிக்க வேண்டும் என்று சொல்லிற்று. வாரியத்தின் நடுவர் அதை ஏழு வருஷமாகக் குறைத்தார். 2020 செப்டம்பரில் தடை நீங்கியபோது ஸ்ரீசாந்துக்கு வயது 37.

காஃப் 1961-இல் காலமானார். 2025 மே மாதத்தில், பேஸ்பால் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், நிரந்தர விலக்கம் என்பது ஆயுளோடு முடிந்துவிடும் என்று முடிவு கூறி, பதினேழு பேரின் பெயர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார். பீட் ரோஸ், ஷூலெஸ் ஜோ ஜாக்சன் ஆகிய பெயர்களையே பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. வீவரும் காஃபும் அதே பட்டியலில் இருந்தார்கள். இறந்துபோனவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்து இல்லை என்பதே கொடுக்கப்பட்ட காரணம்.