நான்கு நெறிகள் பிறந்த வழி: மருத்துவ அறவியலின் வரலாற்றில் கோட்பாடும் நேர்வும்

ஒரு செயலின் சரியும் தவறும் அதனால் விளையும் நன்மை தீமைகளைப் பொறுத்தவை என்னும் பயன்வாதமும், விளைவு எதுவாயினும் மனிதரை வெறும் கருவியாக்கும் செயல் தவறே என்னும் கடமைவாதமும் பெந்தாம், கான்ட் ஆகியோரின் காலந்தொட்டு எதிரெதிரே நின்று வருகின்றன. இவ்வழக்கு தீராதிருக்கையிலேயே, தன்னாட்சி, நலம் செய்தல், தீங்கிழையாமை, நீதி என்னும் நான்கு நெறிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ அறவியலின் பொதுமொழியாயின. பாடநூல் வழியாக இவற்றை அறிவோர் கோட்பாட்டிலிருந்து இவை வடித்தெடுக்கப்பட்டன என்று கருதக்கூடும். வரலாறு காட்டும் வழி வேறு.

1890களில் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பெர்ட் நைசர், மேகநோய்க்குத் தடுப்புக் காணும் முயற்சியில், அந்நோயாளிகளின் ஊநீரைப் பிற நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த பெண்களுக்கு அவர்தம் ஒப்புதலின்றிச் செலுத்தினார். அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1900ஆம் ஆண்டு பிரஷ்ய அரசு, தீய விளைவுகளை விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் சிகிச்சைசாரா ஆய்வு எதையும் நடத்தலாகாது என்று ஆணையிட்டது. 1931இல் ஜெர்மனி இன்னும் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவை நடப்பிலிருந்த நாட்டில்தான் வதைமுகாம் ஆய்வுகள் நிகழ்ந்தன என்பதை இத்துறையில் உழைப்போர் மறத்தலாகாது. அவ்வாய்வுகளின் பொருட்டு நியூரம்பெர்க் நகரில் 23 பேர் மீது நடந்த வழக்கின் தீர்ப்பு, தன்விருப்ப ஒப்புதலை முதலாவதாக வைத்துப் பத்து விதிகளை 1947இல் வகுத்தது.

எனினும் அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகியை மையமாகக் கொண்டு, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பணித்துறையின் ஆய்வு ஒன்று தடையின்றி நடந்துகொண்டிருந்தது. 1932இல் தொடங்கிய அவ்வாய்வில் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களும், ஒப்பீட்டுக்காக நோயற்ற 201 பேரும் சேர்க்கப்பட்டனர். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. "கெட்ட இரத்தம்" என்றே கூறப்பட்டது. உணவும் ஈமச் செலவுக்கான உறுதியும் அளித்து அவர்களைத் தக்கவைத்த ஆய்வாளர்கள், 1940களில் பெனிசிலின் உறுதியான மருந்தென நிலைபெற்ற பின்னரும், நோயின் போக்கைக் கவனிப்பதற்காக அதை வழங்காதிருந்தனர். 1972இல் செய்தித்தாள்கள் இதை வெளிப்படுத்திய பிறகே ஆய்வு நின்றது. ஒப்புதலின்மை மட்டுமே இங்குக் குற்றமன்று. சுமை ஏழைக் கறுப்பின மக்களின் தலையிலும் அறிவின் பயன் பிறர் கையிலும் சேர்ந்தது என்பதே பெருங்குற்றம். நியூரம்பெர்க் விதிகளில் தனித்து இடம்பெறாத நீதி என்னும் நெறி பின்னர் ஏன் வேண்டப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

இதன் எதிரொலியாக அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட தேசிய ஆய்வுச் சட்டம், அடிப்படை நெறிகளைக் கண்டறியுமாறு பதினொருவர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. ஆனால் கருவிலுள்ள சிசுக்கள், சிறைவாசிகள், குழந்தைகள் ஆகியோர் மீதான ஆய்வுகளைப் பற்றிய தனித்தனி அறிக்கைகளே முதலில் வந்தன. மனிதரை மதித்தல், நலம் செய்தல், நீதி என்னும் மூன்று நெறிகளைக் கூறும் பெல்மான்ட் அறிக்கை 1979இல்தான் அரசிதழில் வெளியாயிற்று. ஆணையத்துடன் பணியாற்றிய மெய்யியலாளர் ஸ்டீவன் டூல்மின், எது செய்யத்தக்கது என்பதில் பெரும்பாலும் ஒத்திருந்த உறுப்பினர்கள், அது ஏன் செய்யத்தக்கது என்று விளக்கப் புகுந்தபோதே பிரிந்தனர் என்று பதிவு செய்துள்ளார். முடிவு முன்னும் காரணம் பின்னுமாக அமைந்த இவ்வரிசையே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

அவ்வறிக்கையை வரைவதில் முதன்மைப் பங்காற்றிய டாம் போசாம்ப் பயன்வாதச் சார்பினர். அதே 1979இல் அவரோடு சேர்ந்து, தீங்கிழையாமையைத் தனி நெறியாக்கி, நான்கு நெறிகளை நூலாக்கிய ஜேம்ஸ் சில்ட்ரஸ் கடமைவாதச் சார்பினர். நெறிகள் தம்முள் மோதுமிடத்தில், 1930இல் மெய்யியலாளர் டபிள்யூ. டி. ராஸ் முன்வைத்த கருத்தை இருவரும் கைக்கொண்டனர்: ஒவ்வொரு கடமையும், அதனினும் வலிய கடமை குறுக்கிடாதவரை மட்டுமே கட்டுப்படுத்தும்.

ஒருங்கிணைந்த கோட்பாடு இன்மையால் இவை வெறும் தலைப்புப் பட்டியலே என்று மெய்யியலாளர்கள் கிளவுசரும் கெர்ட்டும் 1990இல் எழுப்பிய மறுப்பு தருக்கமுறையில் வலுவுடையது. ஆயினும் அத்தகைய கோட்பாட்டை வேண்டிநின்றிருந்தால் ஆணையம் ஓரடியும் நகர்ந்திராது. நெறியின் தெளிவில் 1931இன் ஜெர்மானிய ஆவணமும் குறைந்ததன்று; ஆனால் தெளிவு மட்டும் காப்பதில்லை, அதைச் செயற்படுத்தும் நடைமுறையும் வேண்டும். அரசு நிதியில் மனிதர் மீது ஆய்வு செய்யும் நிறுவனங்கள், ஆய்வு தொடங்குமுன்பே அதைக் குழுவொன்றின் பரிசீலனைக்கு உட்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது 1974இன் சட்டம்.