ரத்த வகை வேறாக இருந்தால் எலும்பு மஜ்ஜை கொடுக்க முடியாதா?

தலசீமியா, ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னதும், "அதே ரத்த வகை யாருக்கு இருக்கிறது?" என்றுதான் பல குடும்பங்களில் முதலில் கேட்கிறார்கள். நோயாளி 'ஓ', தம்பி 'ஏ' என்றால், தம்பியைப் பரிசோதனைக்கே அழைத்துச் செல்வதில்லை. இது தவறான முடிவு.

பொருந்த வேண்டியது எது?

ரத்த வகை அல்ல, எச்.எல்.ஏ. எனப்படும் திசு வகையே முக்கியம். அதற்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமிலும், ஏ, பி, ஓ வகைக்கான மரபணு 9ஆம் குரோமோசோமிலும் உள்ளன. ஆகவே ஒன்று பொருந்தினாலும் மற்றொன்று பொருந்தாமல் போகலாம். உடன்பிறந்த ஒருவரின் திசு வகை முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு.

ரத்த வகை மாறினால் என்ன ஆகும்?

நோயாளி 'ஓ', கொடையாளர் 'ஏ' என்றால், நோயாளியின் உடலிலுள்ள எதிர்ப்பொருள்கள் புதிய சிவப்பணுக்களைத் தாக்கும். எனவே மஜ்ஜையிலிருந்து சிவப்பணுக்களை நீக்கிவிட்டுச் செலுத்துவார்கள். நோயாளி 'ஏ', கொடையாளர் 'ஓ' என்றால், மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மாவைக் குறைப்பார்கள். ஒருவர் 'ஏ', மற்றவர் 'பி' என்றால் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

சிரமங்களும் உண்டு. முதல் வகையில் சிவப்பணு உற்பத்தி தாமதமாகி, கூடுதல் நாட்கள் ரத்தம் ஏற்ற நேரலாம். இரண்டாம் வகையில், சிகிச்சை முடிந்த ஓரிரு வாரங்களில் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதையலாம். அதனால்தான் மருத்துவர்கள் அந்நாட்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

சிகிச்சைக்குப் பின்

புதிய மஜ்ஜை வேரூன்றியதும் நோயாளியின் ரத்த வகை படிப்படியாகக் கொடையாளரின் வகைக்கு மாறிவிடும். இடைப்பட்ட காலத்தில் இருவருக்கும் ஒத்துப்போகும் சிவப்பணுக்களே ஏற்றப்படும். பெரும்பாலும் அது 'ஓ' வகையாக இருக்கும். எனவே பழைய ரத்த வகை அட்டையை நம்பி எங்கும் ரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் மஜ்ஜை மாற்றப்பட்டதை முதலில் சொல்லுங்கள். சிகிச்சைச் சுருக்கத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள்.

கொடையாளர் அஞ்சத் தேவையில்லை. எடுக்கப்பட்ட மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ஆகவே, ரத்த வகையைப் பார்த்து யாரையும் ஒதுக்காதீர்கள். உடன்பிறந்தோர் அனைவரையும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். யார் பொருத்தமானவர் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.