ஸ்டாம்ப் கடையில் ஒரு நீல வெளிச்சம்

போன மாசம் அப்பாவோட கடைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யணும்னு மதுரை மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குப் போனேன். "அரை மணி நேரம் உக்காருங்க தம்பி"ன்னார் கடைக்கார அண்ணன். அந்த அரை மணி நேரத்தில் பார்த்ததும் கேட்டதும்தான் இன்னைக்கு எபிசோட்.

ரப்பரைச் செதுக்குவார்னு நினைச்சேன். அங்க ரப்பரே இல்லை. ஒரு கண்ணாடி மேல நெகட்டிவை வைத்தார். எழுத்து இருக்கிற இடம் மட்டும் தெளிவா இருக்கும், மற்றதெல்லாம் கறுப்பு. அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் பஞ்சு டேப்பால் வயலுக்கு வரப்பு கட்டுற மாதிரி கட்டி, உள்ளே தேன் போன்ற ஒரு திரவத்தை ஊற்றினார். குமிழி வந்ததை ஊசியால் குத்தி எடுத்தார். மேலே இன்னொரு ஷீட், இன்னொரு கண்ணாடி. பெட்டிக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டார். நீல வெளிச்சம். முதலில் முதுகுப் பக்கம் கொஞ்ச நேரம், அடித்தளம் இறுகுறதுக்கு. பிறகு நெகட்டிவ் பக்கம் கூடுதல் நேரம், எழுத்து எழும்புறதுக்கு.

அந்தத் திரவம்தான் போட்டோபாலிமர். பெட்டிக்குள் எரியுறது புற ஊதா விளக்கு, 365 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம். அந்த ஒளி பட்டதும் திரவத்தில் கலந்திருக்கிற ஒரு பொருள் உடைஞ்சு, பக்கத்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். கோத்த இடம் கெட்டியாகும். ஒளி படாத இடம் திரவமாவே கிடக்கும். சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தா போயிடும்.

கடைசியா ஒரு வேலை செய்தார். கழுவின ஸ்டாம்பை ஒரு தட்டுத் தண்ணியில் முக்கி, மறுபடி விளக்குக்கடியில் வைத்தார். ஏன் தண்ணி? காற்றில் இருக்கிற ஆக்சிஜன் மேல்பரப்பை இறுகவிடாது, பிசுபிசுன்னு ஒட்டும். தண்ணி காற்றைத் தடுத்துடும்.

'வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கரையும்' என்கிற இந்த யோசனைக்கு வயசு 200 வருஷம். 1820களில் பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ், தார் வகையைச் சேர்ந்த பிட்டுமென்னை உலோகத் தகட்டில் பூசி வெயிலில் வைத்தார். இறுகாத பகுதியை லாவண்டர் எண்ணெயால் கரைத்தார். முதல் புகைப்படம்னு நாம படிக்கிற சமாச்சாரம், அச்சுத் தகடு செய்யக் கிளம்பின மனுஷனிடமிருந்து வந்ததுதான். 1852ல் இங்கிலாந்தில் டால்பட், ஜெலட்டினோடு டைகுரோமேட் உப்பைக் கலந்து இதே வேலைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த நூறு வருஷத்துக்கு டைகுரோமேட்தான் ராஜா.

இந்தியாவில் இதை ஒரு கலையாகவே வளர்த்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய், சத்யஜித் ரேயின் தாத்தா. புகைப்படத்தைப் புள்ளிகளா மாற்றி அச்சடிக்கிற ஹாஃப்டோன் முறைக்கான கருவிகளை 1895ல் லண்டனிலிருந்து வரவழைத்தார்.

நம்ம ஊருக்கு வருவோம். 1942ல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினது மதுரையில்தான். அந்தக் காலத்தில் எந்தப் பத்திரிகையில் படம் வரணும்னாலும் 'பிளாக்' வேணும். துத்தநாகத் தகட்டில் டைகுரோமேட் கலவை பூசி, நெகட்டிவ் வழியா ஆர்க் விளக்கைக் காட்டி, கழுவி, நைட்ரிக் அமிலத்தில் இறக்குவாங்க. அமிலம் படத்தைச் சுற்றி இருக்கிறதை அரிக்கும். கோட்டுக்கு அடியிலும் புகுந்து அரிச்சா வேலை போச்சு. அதனால பிசின் பொடியை ஓரத்தில் ஒதுக்கி, சூடாக்கி, திரும்பவும் அமிலம். இப்படிப் பல முறை. பிறகு மரக்கட்டையில் அடித்து, ஈய எழுத்தோட உயரத்துக்குக் கொண்டுவரணும்.

கடைக்கார அண்ணன் சின்ன வயசில் பிளாக் பட்டறையில் எடுபிடியா இருந்தவர். "தகட்ட இறக்குனா பழுப்பா புகை வரும் தம்பி. விரலெல்லாம் மஞ்சளாயிரும். நாலு நாள்ல தோல் உரியும், மறுபடி மஞ்சளாகும்"னார். அந்தப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலுக்கு ஆகாதது. டைகுரோமேட் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். நமக்குப் பழைய பேப்பரில் அழகா தெரியுற படங்களுக்குப் பின்னாடி இந்தக் கைகள் இருந்தது.

அமிலத்தை வெளியே தள்ளினது அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனி. அங்கே வேலை பார்த்த லூயிஸ் பிளம்பெக், ஒளியால் இறுகும் பிளாஸ்டிக்கில் மேடெழுத்துத் தகடு செய்யும் முறைக்கு 1956ல் காப்புரிமை பெற்றார். ஆனா விதியைப் பாருங்க. அதற்குப் பின்னால வந்த காலத்தில் மேடெழுத்து அச்சையே ஆஃப்செட் முழுங்கிடுச்சு. இங்கிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிவகாசி, தீப்பெட்டி லேபிளுக்காகக் கல் அச்சில் ஆரம்பிச்சு ஆஃப்செட்டில் பேர் வாங்கின ஊர். ஆஃப்செட் தகடு தட்டை. அதுக்குப் பிளாக்கும் வேண்டாம், ஈய எழுத்தும் வேண்டாம். டிரெடில் மெஷின்கள் இரும்பு விலைக்குப் போச்சு, கம்போசிட்டர்கள் வேற வேலை தேடினாங்க.

ஒழிஞ்சதுன்னு நினைச்ச மேடெழுத்துக்கு இந்த பாலிமர் வேற வழியில் உயிர் கொடுத்தது. அட்டைப்பெட்டியிலும் பாலிதீன் கவரிலும் ஃபிளெக்சோ முறையில் அச்சடிக்க வளையுற தகடு வேணும், அது போட்டோபாலிமர்தான். வீட்டுக்கு வர்ற அட்டைப்பெட்டியில் அம்புக்குறியும் குடை படமும் இருக்குமே, பெரும்பாலும் அப்படி வந்ததுதான். அதோட குட்டித் தம்பி, ஸ்டாம்ப்.

"அப்போ இது பாதுகாப்பான வேலைதானே அண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சார். இறுகாத பாலிமர் தொடர்ந்து தோலில் பட்டா ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். அவர் கையில் கிளவுஸ் இல்லை. "கிளவுஸ் போட்டா ஊசி புடிக்க வராது தம்பி. அமிலத்துக்கு இது எவ்வளவோ தேவல"ன்னார்.

கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, கட்டையில் ஒட்டி, பழைய பில் தாளில் ஒரு குத்து குத்தினார். அப்பா பேரில் புள்ளி ஒண்ணு விட்டுப்போயிருந்தது. நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தப்பு நான் எழுதிக் கொடுத்த தாளில். ஒன்றும் சொல்லாமல் மறுபடி வரப்பு கட்ட ஆரம்பிச்சார்.