தெலோனேயின் ஒரு பிழை

சந்திரனைப் பற்றிக் கவி பாடியவர்கள் ஆயிரம் பேர். அதற்குக் கணக்கு எழுதியே ஆயுளைக் கரைத்தவர் பிரெஞ்சு தேசத்து வான சாஸ்திரி தெலோனே. சூரியனின் இழுப்பால் சந்திரன் எப்படியெல்லாம் வழி விலகுகிறது என்பதை எண்களாக அல்லாமல் எழுத்துக்களாகவே, அதாவது அல்ஜீப்ராவாகவே, சொல்லிவிட வேண்டும் என்று 1846-ல் உட்கார்ந்தார். போடுவதற்குப் 10 வருஷம். சரிபார்க்க இன்னொரு 10 வருஷம். 1860-லும் 1867-லும் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் சுமார் 900 பக்கம்!

கதை எழுதுகிறவனுக்கு முதல் 10 வருஷம் புரிகிறது. ஒன்றைப் புதிதாக ஆக்கும் வெறி யாரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவது 10 வருஷந்தான் என்னை மலைக்க வைக்கிறது. தம் கணக்குக்குத் தாமே தணிக்கைக்காரர்! 1872-ல் ஷெர்பூர் அருகே படகு விபத்தில் மாண்டு போனார்.

எழுத்துக் கணக்கை யந்திரம் போடுமா? 1953-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், எம்.ஐ.டி.யில் ஒருவரும் பிலடெல்பியாவின் டெம்பிள் சர்வகலாசாலையில் ஒருவருமாக, இரண்டு மாணவர்கள் தனித்தனியே அதற்கு வழி கண்டு பட்டத்துக்காக எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வருஷம், ஒரே வேலை! 1966 மார்ச்சில் இத்துறைக்காரர்கள் வாஷிங்டனில் கூடினார்கள். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஜீன் ஸாமெட் அம்மையார் அதற்கு முன் நின்றார்.

அப்புறம் ஸியாட்டிலில், போயிங் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த தெப்ரி, ஆன்ரார், ராம் ஆகிய மூவர் தெலோனேயின் கணக்கை யந்திரத்தில் மறுபடி போட்டு, 1970-ல் முடிவை வெளியிட்டார்கள். யந்திரத்துக்கு ஆன நேரம் 20 மணி. அகப்பட்ட பிழை மூன்று. அதிலும் இரண்டு, முதல் பிழை போட்ட குட்டிகள். யந்திரத்தைவிட மனிதரைத்தான் நான் மெச்சுவேன்.

அந்தக் கிழக்குக் கரையிலேயே பிற்பாடு, கம்ப்யூட்டர் அல்ஜீப்ராக்காரர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டம் ஏற்பட்டது. ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கல்லூரியில். பெரியவர்கள் பேசுவது இருக்கட்டும். மாணவர்கள் தங்கள் வேலையைப் பெரிய தாளில் எழுதி மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யாராவது ஒரு நரைத்த தலை அங்கே வந்து நின்று, "தம்பி, இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும், பையனுக்கு வியர்த்துவிடாதா? 900 பக்கத்தில் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து அப்படிக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால், தெலோனே அவரைக் கட்டித் தழுவிக்கொண்டிருப்பார்.