விதைக்கு உயிர் உண்டா?

ஒரு விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு உயிர் இருக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. நிறமும் பருமனும் ஒன்றாக உள்ள இரு விதைகளில் ஒன்று முளைக்கும். மற்றொன்று மண்ணில் மக்கிப்போகும்.

இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய விதை வணிகர் சிலர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். டர்னிப் விதையுடன், அதைப் போலவே தோன்றும் மலிவான கடுகின விதையைக் கலந்தனர். கலந்த விதை முளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! ஆகவே அதைக் கொன்றபின் கலந்தனர். பழைய விதைக்குச் சாயமேற்றிப் புதியதுபோல் விற்றதும் உண்டு. உழவர் உண்மையை அறியும்போது விதைப்புப் பருவம் கடந்திருக்கும். பிரிட்டனில் 1869-இல் இயற்றப்பட்ட விதைக் கலப்படச் சட்டம் இவ்விரு மோசடிகளையும் குற்றமாக்கியது.

சட்டம் மட்டும் போதுமா? சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? அதே 1869-இல் ஜெர்மானியத் தாவரவியலார் ஃபிரெடெரிக் நோபே, சாக்சனியிலுள்ள தாரண்ட் என்னும் ஊரில் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். விதைகளை எண்ணி, ஈரமும் காற்றும் தக்க வெப்பமும் கொடுத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கின்றன என்று கணக்கிடுவதே முறை. இம்முறைகளைத் தொகுத்து 1876-இல் விதையியல் நூல் ஒன்றையும் வெளியிட்டார். பல நாடுகளில் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. 1924-இல் கேம்பிரிட்ஜில் பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கம் உருவாயிற்று.

ஆனால் முளைப்புச் சோதனைக்குப் பல நாட்கள் தேவை. சில மர விதைகளுக்கு மாதங்கள் ஆகும். மேலும், உறக்கத்திலுள்ள விதை உயிருடன் இருந்தும் முளைக்காது. அதை இறந்த விதையிலிருந்து பிரித்தறிவது எப்படி?

ஹோஹன்ஹைமில் பணியாற்றிய கியார்க் லாக்கோன் 1940-களில் இதற்கு விடை கண்டார். உயிருள்ள திசு சுவாசிக்கிறது. அப்போது அதிலுள்ள நொதிகள் ஹைட்ரஜனைப் பிரிக்கின்றன. நிறமற்ற டெட்ரசோலியம் உப்பு அந்த ஹைட்ரஜனை ஏற்றுச் சிவப்புப் பொருளாக மாறுகிறது. ஊறவைத்த விதையைப் பிளந்து இக்கரைசலில் இட்டால், சில மணி நேரத்தில் உயிருள்ள பகுதி சிவக்கும். இறந்த பகுதி நிறம் மாறாது.

முளைப்புச் சோதனையை நீங்களும் செய்யலாம். 100 நெல்மணிகளை ஈரத்துணியில் சுற்றி, துணி உலராமல் காத்து, இரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். பத்து மணிகள் போதா. அதில் தற்செயலின் பங்கு அதிகம். ஆய்வகத்தில் 400 விதைகளை எண்ணுவது இதனாலேயே. நம் நாட்டில் சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும். அதற்குக் குறைந்தால் விதையை மாற்றிக்கொள்ளலாம். விதைத்தபின் தெரிந்தாலோ, போன பருவத்தை மாற்ற முடியாது.